உரும்பிராய்க் கிணற்றுப் பில்ஸ்னர்

5 மே 2025, திங்கள்

காலையில் பாணும் வெறும் தண்ணீரும். சம்பல் கூடாது, சொதி கூடாது, பற்பசை கூடக் கூடாது. பத்தரைக்கு ருசி பார்க்கிற நாளில் நாக்கு சும்மா இருக்க வேண்டும் என்பது அண்ணையின் ஆலையில் சட்டம். மூன்று மாதமாக அந்தச் சட்டத்தில் நடக்கிறவள் நான் ஒருத்திதான். கந்தோரில் கணக்குப் பார்க்கிற மற்ற மூன்று பேரும் கட்டைச் சம்பலோடு இடியப்பம் அடித்துவிட்டு வந்து, ஏப்பமும் விட்டு, "நல்லாயிருக்கு" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதுக்கென்னத்துக்கு ஒரு படிவம்?

இருபத்திரண்டு வருசம் சோதனைக் கூடத்தில் இருந்து ஊர்க் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்தவள், பென்சன் எடுத்த பிறகு அச்சுவேலியில் பியர் நக்குகிறேன். சீவரத்தினம் அண்ணை கூடப்பிறந்தவர் என்றபடியால் சம்மதித்தேன். தங்கச்சியின் நாக்கு வேணுமாம், ஆனால் அது சொல்லுறது வேண்டாமாம்.

இன்றைக்கு மூன்று கிளாஸ், அடியில் எண் மட்டும். முதலாவது செக் நாட்டுப் பில்ஸ்னர், நாங்களும் காய்ச்சப் பார்க்கிற பொன்னிறப் பியர் வகை. பாணின் முறுகின கரை மணம், பிறகு கசப்பு, விழுங்கினதும் வாய் சுத்தம். இரண்டாவது ஜேர்மன். அதைவிட மெல்லிசு, கசப்புக் கூர்மை. ஆனால் மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் மரநாய் மணம் ஒரு பொட்டு. பச்சைப் போத்தல், கொழும்புக் கடை அலுமாரியில் வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்திருக்கும். வெளிச்சம் பட்ட பியர் அப்படித்தான் நாறும், மண்ணிறப் போத்தலுக்குள் அந்தக் கரைச்சல் இல்லை என்று பியர் காய்ச்சுகிற கொலின்ஸ் சொல்லித் தந்தவன். மூன்றாவது எங்களுடையது. நிறம் பொன், நுரை வடிவு, மணமும் பரவாயில்லை. விழுங்கின பிறகுதான் சனியன் தொடங்குகிறது. தேயிலையைப் போட்டுவிட்டு மறந்துபோய் அரைமணி கழித்துக் குடித்த சாயம் மாதிரி அடிநாக்கைப் பிடித்து இழுக்கிறது. பத்து நிமிசம் கழித்தும் அங்கேயே நிற்கிறது.

பத்துக்கு ஐந்து போட்டேன்.

"ஐஞ்சோ? எடி கேதீசு, எங்கடை சாமானுக்கே ஐஞ்சு போடுறியோ?" என்றார் அண்ணை.

"அப்ப ஆரின்ரை சாமானுக்குப் போட?" என்றேன். படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

7 மே, புதன்

கொலின்ஸ்தான் காரணம். வேறு யார்? செக் நாட்டில் மூன்று வருசம் படித்துவிட்டு வந்த குருநகர்ப் பெடியன் என்று அண்ணை தலையில் வைத்துக் கூட்டி வந்தார். முளைகட்டின பார்லி வெளிநாடு. கசப்புக்குப் போடுகிற ஹொப்ஸ் பூ வெளிநாடு. இயந்திரம் வெளிநாடு. தண்ணீர் உரும்பிராயில் இருந்து ஏற்றி வருகிற எங்கள் கிணற்றுத் தண்ணீர். பிழை விடுவதற்கு மிச்சமாக இருப்பது அவனுடைய கை ஒன்றுதானே. கேட்டால் பதிலும் சொல்ல மாட்டான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வாய்க்குள் என்ன கொழுக்கட்டையோ?

12 மே, திங்கள்

சித்திராப் பௌர்ணமி. செத்துப்போன அம்மாவுக்குப் பிடிக்கிற விரதம். ஆலை பூட்டு. வழமைபோல் அண்ணையும் அவருடைய மனுசி நாகேஸ்வரி மச்சாளும் என்னிடம் வந்து சாப்பிட்டார்கள். எல்லாக் கறிக்கும் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டேன். ஒரு வாரத்துக்குப் பிறகு உறைப்பு. கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டேன். பியர்க் கதையை ஒருவரும் எடுக்கவில்லை. நல்ல நாள்.

14 மே, புதன்

இரண்டாவது தாங்கியில் காய்ச்சின பியரிலும் அடிநாக்கில் அதே கரகரப்பு.

அண்ணை கத்தினார். நானும் சேர்ந்து கத்தினேன். "மூண்டு வருசம் என்னத்தைப் படிச்சனி? கை கழுவவோ?" என்று நான்தான் கேட்டேன். எழுதும்போது நல்லாயில்லை, ஆனால் கேட்டது கேட்டதுதான்.

யூன் ஏழாம் திகதி கொழும்பில் இருந்து றோஸ் என்று ஒருத்தி வருகிறா. பெரிய ஹோட்டல் ஒன்றில் குடிவகைகளுக்குப் பொறுப்பானவ. அவ ஓம் என்றால்தான் ஆலை நிமிரும்.

அண்ணை கொலின்சைப் பார்த்துச் சொன்னார்: "ஏழாம் திகதிக்குள்ளை சரிவரேல்லை எண்டால் நீ கொப்பரோடை கடலுக்குப் போகலாம்."

அந்தச் சொல் எனக்கே சுட்டது. அவன் தகப்பன் கடலுக்குப் போய்த்தான் அவனை செக் நாடு வரைக்கும் அனுப்பினவர். அண்ணைக்கு வாய் நீளம், எப்பவும் நீளம். கொலின்ஸ் என்னைத்தான் பார்த்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

17 மே, சனி

கோயிலடியில் "பியர் நக்கிற பொம்பிளை" என்று கதைக்கிறார்களாம். மச்சாள் வந்து மிகவும் கவலையோடு சொன்னா. பியர் காய்ச்சி விற்கிறவர் அவவின் புருசன். அதை ஏன் ஒருத்தரும் கோயிலடியில் கதைக்கினமில்லை? அவர் முதலாளி, நான் நக்கிறவள். போங்கோடி!

22 மே, வியாழன்

இதை எப்படி எழுத?

சோதனை முடிந்து மற்றவர்கள் போன பிறகு கொலின்ஸ், "அக்கா, ஒரு கால்மணித்தியாலம் இருக்க ஏலுமோ?" என்றான். மூன்று கிளாஸ் கொண்டுவந்து வைத்தான். இரண்டு ஒரே பியர், ஒன்று வேறு. எது வேறு என்று பிடிக்க வேண்டும். இந்தச் சோதனை எங்கள் தொழிலில் வழமையானதுதான். நடுவில் இருந்ததைத் தள்ளி வைத்தேன். கிளாசை மாற்றி மறுபடியும் வைத்தான். கடைசிக் கிளாஸ் என்றேன். மூன்றாம் தரமும் வைத்தான். முதல் கிளாஸ். மூன்று தரமும் சரி.

பிழை விட வழியே இல்லை. மற்ற இரண்டும் எங்கள் பழைய கரகரப்பு. இது சுத்தம். கசப்பு எழும்பி வருகிறது, நிற்கிறது, போய்விடுகிறது. செக் பில்ஸ்னருக்குப் பக்கத்தில் வைக்கலாம். நாலு மாதமாக நான் தேடின சாமான்.

"இது எந்த ஊர்?" என்றேன்.

"எங்கடைதான் அக்கா. அந்த மூலைத் தாங்கியிலை போன மாசம் நான் காய்ச்சினது. இருபது லீற்றர். எல்லாம் ஒண்டுதான். தண்ணி மட்டும் வேறை."

"என்ன தண்ணி?"

"கடையிலை விக்கிற பில்டர் தண்ணி."

எனக்குத் தலைக்குள் பத்தினது. எங்கள் கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டுப் போத்தலில் விற்கிற செத்த தண்ணீரோ! "ஆரைக் கேட்டுச் செய்தனி? ஏன் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை?" என்று எழும்பிவிட்டேன்.

அவன் கடதாசிக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து திறந்து வைத்தான். கிணற்று நீர் அறிக்கை. பெப்ரவரி மூன்றாம் திகதி. உப்பு: இல்லை. நைத்திரேற்று: அளவோடு. கிருமி: இல்லை. கடினத்தன்மை, அதாவது சுண்ணாம்பு, என்ற இடத்தில் ஒரு கோடு. கீழே "மிக நல்ல நீர்". அதற்குக் கீழே கையெழுத்து.

என்ரை கையெழுத்து.

"அண்டைக்கு உங்களைக் கேட்டனான் அக்கா, கடினத்தன்மை எவ்வளவெண்டு. 'எங்கடை கிணத்தைப் பற்றி உரும்பிராயிலை போய்க் கேள்' எண்டு சொன்னனீங்கள். நானே பேந்து சோதிச்சுப்போட்டு முதலாளியிட்டைச் சொன்னன். தண்ணியிலை ஒண்டு சேர்க்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது, தங்கச்சி சோதிச்சுத் தந்தது எண்டவர். அதுக்கு மேலை நான் என்னத்தைச் சொல்ல?"

சொன்னேன் நான். எனக்கு ஞாபகம் இருக்கிறது. சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

23 மே, வெள்ளி

பழைய கூடத்துக்குப் போய் நானே செய்து பார்த்தேன். லீற்றருக்கு நானூற்றுப் பத்து மில்லிகிராம் சுண்ணாம்பு. பில்ஸ்னருக்கு ஐம்பதுக்கு மேலே போனாலே யோசிக்க வேணுமாம். அந்தச் சுண்ணாம்பு பார்லித் தோலில் இருக்கிற துவர்ப்பை எல்லாம் இழுத்துக்கொண்டு வந்து பியருக்குள் போடுகிறது. கறுப்புப் பியர் என்றால் தாங்குமாம், பில்ஸ்னர் தாங்காதாம்.

ஏன் கோடு போட்டேன்? இருபத்திரண்டு வருசமாக ஊர்ச்சனம் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து என்னைக் கேட்டது இரண்டே இரண்டு கேள்வி. உப்போ? உரம் இறங்கிப்போட்டுதோ? சுண்ணாம்பைப் பற்றி ஒரு குஞ்சும் கேட்டதில்லை. எங்கள் கேத்தல்களுக்குள் பார்த்தால் விரல்கனத்துக்கு வெள்ளைப்படை. எல்லா வீட்டிலும் அப்படித்தான். மாதத்துக்கு ஒருக்கால் தேசிக்காய்ப் புளி விட்டுச் சுரண்டுவோம். அதை ஒரு குறையாகவே நாங்கள் கணக்கெடுத்ததில்லை. உவர் இல்லாவிட்டால் நல்ல தண்ணி. முடிஞ்சுது.

அதுவும் எங்கள் கிணறு! அதைப் பற்றி ஒருத்தன் சந்தேகமாய்க் கேட்டால் எனக்குக் கொதி வராமல் வேறென்ன வரும்?

அந்தப் பெடியனைக் கை கழுவவோ படித்தாய் என்று கேட்டேனே. வெட்கமாயிருக்கு. கோபமாயும் இருக்கு. இப்ப ஆரைப் பேச?

25 மே, ஞாயிறு

அண்ணை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என்ரை பிழை, நான் சோதிக்காமல் எழுதினேன், கொலின்சில் ஒரு குறையும் இல்லை, பில்டர் போட்டால் சரி என்று ஒழுங்காகத்தான் தொடங்கினேன். மூன்று நிமிசம்தான் ஒழுங்கு.

"அப்பான்ரை கிணத்தைக் கூடாதெண்டுறியோ?"

"பியருக்குச் சரிவராது எண்டுறன்."

"பத்தொன்பது வருசம் கோட்டிலை நிண்டனான், எடி! அந்தக் கிணத்துக்காக!"

தெரியாதோ எனக்கு? பங்குக் கிணறு. சித்தப்பா பகுதிக்கு மூன்றில் ஒன்று, எங்களுக்கு மூன்றில் இரண்டு. ஒரு நாள் இறைப்பு முறை மாறினதில் தொடங்கின சண்டை. அப்பா வழக்குப் போட்டார், அப்பாவுக்கு ஏலாமல் போக அண்ணை நடத்தினார். தீர்ப்பு வர ஒரு மாதம் இருக்கிறபோது அப்பா செத்துப்போனார். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டதும் அந்தத் தண்ணீர்தான். அண்ணை செம்பில் கொண்டுபோய்க் கரண்டியால் பருக்கினவர். கிணற்றடிக் காணி அண்ணையின் பெயரில், அம்மாவின் வீடு என் பெயரில். அவருடைய கிணற்றில்தான் நானும் அள்ளுகிறேன். எல்லாம் தெரியும்.

தெரிந்துதான் சொன்னேன்: "அப்பா உங்களைப் பியர் காய்ச்சச் சொல்லி வழக்குப் போடேல்லை அண்ணை."

அடிக்கக் கை ஓங்கினார். ஐம்பத்தெட்டு வயது. மச்சாள் ஓடிவந்து குறுக்கே நின்றா. அடித்திருந்தால் நல்லது, நானும் இரண்டு கொடுத்திருப்பேன்.

27 மே, செவ்வாய்

கொலின்சை அண்ணை வேலையால் நிற்பாட்டிவிட்டார். முதலாளியைக் கேட்காமல் வேறு தண்ணீரில் காய்ச்சினதாம், களவாம். அவன் சாவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, "குளிர் அறையிலை அந்தத் தாங்கிச் சாமான் ஆறு போத்தல் இருக்கக்கா. கொட்டிப்போடாதேங்கோ" என்றான். அவ்வளவுதான். அவன் கத்தியிருந்தால் என் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நான் விலகலாம் என்று கடிதம் எழுதினேன். கிழித்தேன். நானும் போனால் ஏழாம் திகதி அந்த மேசையில் உண்மை சொல்ல யார் இருக்கிறார்கள்? இடியப்பக் கோஷ்டியோ?

2 யூன், திங்கள்

லேபிள் வந்துவிட்டது. ஐயாயிரம். கிணற்றுக் கட்டின் படம், கீழே ஒரு வரி: "உரும்பிராய் நல்லதண்ணிக் கிணற்று நீரில் காய்ச்சியது."

அண்ணை விசில் அடித்துக்கொண்டு திரிகிறார். பியர் அதே பியர், கரகரப்பு அதே கரகரப்பு, காய்ச்சுகிறவனும் இல்லை. இவருக்கு என்ன விசரோ? "ஏழாந்திகதிக்கு எல்லாம் சரியாயிருக்கும், நீ கையெழுத்தை மட்டும் வை" என்கிறார். கையெழுத்தை மட்டும்! அந்தக் கையெழுத்தால் வந்த வினை போதாதென்றோ?

7 யூன், சனி

ஒழுங்காக எழுதுகிறேன்.

றோஸ் சரியாகப் பத்தரைக்கு வந்தா. மன்னாரில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவவாம், ஐம்பது வயதிருக்கும், வளவளப்பு இல்லை. தன் கிளாசைத் தானே கொண்டுவந்து தானே கழுவினா. பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது.

அண்ணை குளிர் அறைக்குப் போய் நாலு போத்தல் கொண்டுவந்தார். மண்ணிறப் போத்தல், எங்கள் லேபிள், கிணற்றுப் படம். அவ முன்னுக்கே திறந்தார். ஊற்றினார். றோஸ் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தா, மணந்தா, விழுங்கினா, கண்ணை மூடிக்கொண்டு இருந்தா.

"நல்ல சுத்தமான பில்ஸ்னர். உண்மையாவே எதிர்பார்க்கேல்லை," என்றா.

என் கிளாசைத் தூக்கினேன். கரகரப்பு இல்லை! ஒரு கணம் சந்தோசம் கூட வந்தது. அண்ணை கடைசியில் சொல் கேட்டு ஏதோ செய்திருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

மரநாய்.

ஒரு பொட்டுத்தான். ஆனால் மரநாய். நாலு மாதமாக வாரத்துக்கு ஒருக்கால் நான் மணக்கிற அதே மணம். வெளிச்சமே படாத குளிர் அறையில், மண்ணிறப் போத்தலுக்குள் அது எப்படி வரும்? வராது. பச்சைப் போத்தலில் வெயில் காய்ந்த ஜேர்மன் பியரை எடுத்து எங்கள் போத்தலுக்குள் ஊற்றி மூடி அடித்து லேபிளும் ஒட்டி வைத்திருக்கிறார் மனுசன்!

அண்ணையைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

றோஸ் ஒரு தாளை எடுத்தா. இது இந்த ஆலையில் இந்தக் கிணற்று நீரில் காய்ச்சின பியர்தான் என்று ருசி பார்க்கிறவர் உறுதிப்படுத்த வேண்டும். "நீங்கள் கையெழுத்தை வையுங்கோ, மிச்சத்தை நான் கொழும்பிலை பார்க்கிறன்."

அண்ணை பேனையை நீட்டினார். "வையடி," என்றார் மெதுவாக. அப்படி மெதுவாக அவர் என்னோடு கதைத்ததே இல்லை. கெஞ்சின மாதிரி இருந்தது. வைத்திருப்பேன். ஓம், பொய் எழுத மாட்டேன் இங்கே. ஒரு நிமிசம் பேனையைக் கையில் வாங்கினேன். பெப்ரவரி மூன்றாம் திகதியும் இப்படித்தான் பார்க்காமல் வைத்தேன். அதற்கு விலையாக ஒரு பெடியனின் வேலை போனது. இன்றைக்குப் பார்த்துவிட்டும் வைக்கிறதோ?

"இது எங்கடை பியர் இல்லை," என்றேன்.

றோஸ் அண்ணையைப் பார்த்தா. நான் எழும்பிப் போய்க் குளிர் அறையில் கொலின்ஸ் வைத்துவிட்டுப் போன போத்தல்களில் இரண்டைக் கொண்டுவந்து திறந்தேன். லேபிள் இல்லை.

"இதுதான் எங்கடை. காய்ச்சினவன் கொலின்ஸ். அவனை அண்ணை கலைச்சுப்போட்டார். தண்ணி எங்கடை கிணத்துத் தண்ணி இல்லை, பில்டர் தண்ணி. எங்கடை தண்ணியிலை பில்ஸ்னர் சரிவராது. சரிவருமெண்டு சோதிக்காமல் எழுதிக் குடுத்தது நான். பிழை என்ரை."

அண்ணை எழும்பின வேகத்தில் கதிரை விழுந்தது. அதை நிமிர்த்தாமலே போனார். றோஸ் கொலின்சின் பியரை ஊற்றிக் குடித்தா. அந்தத் தாளைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு, லேபிள் இல்லாத மிச்ச நாலு போத்தலையும் தரலாமோ என்று கேட்டா. கொடுத்தேன்.

8 யூன், ஞாயிறு

சரியைத்தான் செய்தேன். அப்ப ஏன் சோறு இறங்குதில்லை?

11 யூன், புதன்

மச்சாள் வந்தா. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. வாசலில் நின்றபடியே, "கூடப்பிறந்தவரை ஒரு பிறத்தியாளுக்கு முன்னாலை அப்பிடித் தலைகுனிய வைப்பியளோ? ஒருக்கால் வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலாதோ, மச்சாள்?"

"வாயைத் திறந்து ருசி பார்க்கத்தானே கூப்பிட்டவர்," என்றேன்.

"அவர் மூண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடேல்லை."

"நானும்தான் சாப்பிடேல்லை. அதை ஆர் கேக்கிறது?"

போய்விட்டா. எனக்கு அவவில் கோபம் இல்லை. கள்ளப் போத்தல் அடித்த மனுசனை ஒருத்தரும் கேட்கவில்லை, கண்டுபிடித்தவளுக்குத்தான் பாடம் எடுக்கினம். அதுதான் வயிறு எரியுது.

15 யூன், ஞாயிறு

றோஸ் தொலைபேசி எடுத்தா. லேபிள் இல்லாத போத்தலைக் கொழும்பில் நாலு பேருக்குக் கொடுத்துப் பார்த்தாவாம். "அதைக் காய்ச்சின பெடியன் திரும்பி வந்தால், அதே பியர் வந்தால், நான் எடுக்கிறன். கிணத்துக் கதை எனக்குத் தேவையில்லை."

"முதலாளியோடை கதையுங்கோ," என்றேன்.

"கதைச்சிட்டன். ஒண்டும் சொல்லாமல் வைச்சிட்டார்."

அதுதான் எங்கள் அண்ணை. குனிய வேண்டிய இடத்தில் முள்ளந்தண்டு இரும்பாகிவிடும்.

19 யூன், வியாழன்

அச்சுவேலிச் சந்தைக்குப் போகும்போது ஆலை வாசலில் தண்ணீர் ஏற்றுகிற ஒரு பவுசர் நின்றதைப் பார்த்தேன். பக்கத்தில் பில்டர் தண்ணீர்க் கம்பனியின் பெயர். உள்ளே கொலின்சின் மோட்டார் சைக்கிள்.

வாசலில் நின்று சிரித்தேன். பிறகு நின்றபடியே கோபம் வந்தது. எனக்கு ஒரு சொல் இல்லை. கொலின்சைக் கூப்பிட்டாராம், தண்ணீரை மாற்றினாராம், எல்லாம் நான் சொன்னபடி. நான் மட்டும் வேண்டாம், ஏழாம் திகதிக்குப் பிறகு சோதனைக்குக் கூப்பிடவேயில்லை. பத்தரை மணிச் சோதனைக்கும் இப்போது மச்சாளின் தம்பி இருக்கிறாராம். அவர் வெற்றிலை போடுகிற மனுசன்! அந்த நாக்கில் என்ன தெரியும்?

கொலின்ஸ் கண்டுவிட்டு ஓடிவந்தான். "முதலாளி உங்களைப் பற்றி ஒண்டும் கதைக்கிறேல்லை அக்கா. நானும் கேட்டுப் பார்த்தன்."

"கேளாதை. நீ உன்ரை வேலையைப் பார்," என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவன் பார்க்காத மாதிரி நின்றான்.

4 யூலை, வெள்ளி

பிள்ளையார் கோயிலில் அண்ணை. நான் வலது பக்கத்தால் வர அவர் இடது பக்கத்தால் போனார். ஐயர் திருநீற்றுத் தட்டோடு நடுவில் நின்று முழித்தார். நாலு கிழமையாகிறது. என்னால் முடியும் நாற்பது கிழமையும்.

முடியும்தான்.

23 யூலை, புதன்

நாளைக்கு ஆடி அமாவாசை. அப்பாவின் விரதம். ஒவ்வொரு வருசமும் அண்ணை கீரிமலைக் கேணியில் முழுகி, அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு இங்கேதான் வந்து சாப்பிடுவார். கசப்பான காத்தோட்டிக்காய்க் கறி இல்லாவிட்டால் அந்த விரதம் அப்பாவுக்குச் சேராது என்பார்.

வருவாரோ? வர மாட்டார். அப்ப என்னத்துக்குச் சந்தையில் நின்று ஒரு மணித்தியாலம் காத்தோட்டிக்காய் பொறுக்கினேன்? வராவிட்டால் காகத்துக்கு வைப்பேன். அப்பா எனக்கும் அப்பாதான்.

24 யூலை, வியாழன். ஆடி அமாவாசை

ஒரு மணி வரைக்கும் ஒருவரும் இல்லை. காகத்துக்கு வைத்தேன். ஒன்றே காலுக்குப் படலை திறந்த சத்தம்.

தனியாக வந்தார். தலை ஈரம், நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பை. "வாங்கோ" என்று நான் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. வழமையான இடத்தில் இருந்தார். நான் இலையைப் போட்டேன். ஏழு கிழமைக் கோபம் முழுக்க அப்படியே இருந்தது. ஏதாவது ஒரு சொல் பிழையாகச் சொன்னால் அவ்வளவுதான் என்று அகப்பையோடு காத்துக்கொண்டு நின்றேன்.

அவர் முதலில் தண்ணீர் கேட்டார். கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் கொடுத்தேன். அண்ணாந்து முழுவதையும் குடித்தார்.

"தண்ணி நல்லாத்தானே இருக்கு?" என்றார். கேள்வியாகத்தான் கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"குடிக்க நல்ல தண்ணிதான் அண்ணை. ஆர் இல்லையெண்டது?"

"நீ அண்டைக்கு அவவுக்கு முன்னாலை..."

"பியருக்குச் சரிவராதெண்டு சொன்னனான். அப்பாவுக்குச் சரியில்லை எண்டு சொல்லேல்லை. கள்ளப் போத்தல் வைச்சது நீங்கள். அதை முதல் சொல்லுங்கோ."

அவர் பைக்குள் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். புதுத் தாங்கிச் சாமான், நேற்று அடைத்ததாம். மண்ணிறப் போத்தல். கிணற்றுக் கட்டின் படம் அப்படியே இருந்தது. கீழே இருந்த வரியைக் கறுப்பு மையால், அடிமட்டம் பிடித்து, ஒரு எழுத்தும் தெரியாமல் அடித்திருந்தது.

"லேபிள் ஐயாயிரமும் அச்சடிச்சு வந்திட்டுது. கொட்ட மனம் வரேல்லை," என்றார். "நானும் நாகேசும் கொலின்சும் இருந்து அந்த வரியை ஒவ்வொண்டா மையாலை வெட்டுறம். இன்னும் ரெண்டாயிரம் கிடக்கு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் காட்டவில்லை.

"குடிச்சுப் பார்த்துச் சொல்லு."

"இண்டைக்கு விரதம்."

"ஓம், ஓம். நான் மறந்துபோனன்." பிறகு மெல்ல: "நாகேசின்ரை தம்பி, அந்த வெத்திலைக்காரன், எல்லாத்துக்கும் பத்துப் போடுறார். கொலின்ஸ் ஏசுறான்."

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார், தெரியும். கோபம் போய்விட்டது என்று நானும் எழுத மாட்டேன், பாதி இன்னும் இங்கேதான் நிற்கிறது. சோற்றைப் போட்டேன், காத்தோட்டிக்காய்க் கறியை விட்டேன். அவருடைய வலது கையில் மூன்று விரலும் நகக்கண்ணும் கறுப்பு. கீரிமலையில் முழுகியும் மை போகவில்லை. அந்தக் கையாலேயே பிசைந்து, கசக்குது என்று ஒரு சொல்லும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி இலையைக் காட்டினார்.